அமெரிக்காவில் கேரியர் லாக் உள்ள பழைய போனை விற்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏடி அண்ட் டி, வெரைசன், டி-மொபைல் போன்ற கேரியர்களின் (மொபைல் சேவை நிறுவனங்களின்) கடைகளில் போன் வாங்கியவர்கள், புதுப் போன் கைக்கு வந்ததும் பழையதை விற்கப் பார்க்கும்போது கேட்கும் கேள்விகள் இவை. டிராயரில் போட்டு வைத்தால் பேட்டரி உப்பும், விலை இறங்கும், வேறொன்றும் நடக்காது. லாக் இருப்பதால் விற்க முடியாது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். விற்கலாம். எதை முதலில் செய்ய வேண்டும், எதை வாங்குபவரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

கேரியர் லாக் என்றால் என்ன?

அந்த போன் ஒரு கேரியரின் சிம்மை மட்டும் ஏற்கும்படி மென்பொருளில் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. போனின் விலையைத் தவணையில் பிரித்தோ தள்ளுபடி கொடுத்தோ தருகிற கேரியர், பணம் திரும்பும்வரை நீங்கள் வேறு கம்பெனிக்குப் போய்விடாமல் இருக்கப் போட்டு வைப்பது இது. போன் பழுதில்லை, திருட்டு இல்லை, கேமராவும் வைஃபையும் வழக்கம்போல ஓடும்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், "லாக்" என்று மக்கள் சொல்வது பல விஷயங்களை. கேரியர் லாக் ஒன்று. ஆப்பிள் ஐடியோ கூகுள் கணக்கோ போனில் ஒட்டிக்கொண்டிருப்பது இன்னொன்று. ரீசெட் செய்த பிறகும் பழைய உரிமையாளரின் பாஸ்வேர்ட் கேட்கும். தொலைந்தது, திருடுபோனது, பணம் கட்டாதது என்று ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்) கேரியர்கள் தடைப் பட்டியலில் போடுவது மூன்றாவது. தவணை பாக்கி இவற்றோடு சேராத தனிக் கணக்கு. இந்த நான்கும் தனித்தனி விஷயங்கள். அன்லாக் ஆன போனுக்குத் தவணை பாக்கி இருக்கலாம். தவணை முடிந்த போன் இன்னும் லாக்காக இருக்கலாம். வாங்குபவர் "லாக்கா?" என்று கேட்டால், எதைக் கேட்கிறார் என்று தெரிந்துகொண்டு பதில் சொல்லுங்கள்.

என் போன் லாக்கில் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் என்று போய்க் கீழே இறங்கினால் "கேரியர் லாக்" என்று ஒரு வரி இருக்கும். ஐஓஎஸ் 14 முதல் இந்த வசதி உண்டு. அங்கே "நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்" என்று இருந்தால் அன்லாக் ஆகிவிட்டது. "சிம் லாக்ட்" என்று இருந்தால் இன்னும் இல்லை.

ஆண்ட்ராய்டில் மாடலுக்கு மாடல் இடம் மாறும். நிச்சயமான வழி, வேறு கேரியரின் சிம்மைப் போட்டுப் பார்ப்பதுதான். லாக்கில் இருந்தால் சாம்சங் போன்கள் நெட்வொர்க் அன்லாக் பின் எண்ணைக் கேட்கும். சிம் தட்டே இல்லாத போன் என்றால், கேரியர்கள் இலவசமாகத் தரும் ட்ரையல் இ-சிம் (அட்டை இல்லாமல் போனில் ஏற்றும் மின்னணு சிம்) ஒன்றை ஏற்றிப் பார்க்கலாம். அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் 2022இல் வந்த ஐபோன் 14 முதல் சிம் தட்டு கிடையாது.

ஒரு எச்சரிக்கை: அதே வலையமைப்பில் ஓடும் இன்னொரு பிராண்டின் சிம் வேலை செய்தால் போன் அன்லாக் ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை. டி-மொபைல் லாக் உள்ள போனில் மின்ட் சிம் ஓடலாம், ஏனென்றால் மின்ட்டும் அதே டவரில்தான் ஓடுகிறது. சோதிக்க வேண்டுமானால் முற்றிலும் வேறு வலையமைப்பின் சிம் வேண்டும்.

லாக் உள்ள போனை விற்பது சட்டப்படி சரிதானா?

சரிதான், போன் உங்களுடையதாக இருக்கும்வரை. அன்லாக் செய்வதும் சட்டப்படி சரி. ஆனால் எப்போதும் அப்படி இருக்கவில்லை. பதிப்புரிமைச் சட்டத்தில் போன் அன்லாக்குக்கு இருந்த விலக்கை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2012இல் நீக்கியது. 2013 ஜனவரி 26க்குப் பிறகு வாங்கிய போனைக் கேரியரின் அனுமதி இல்லாமல் அன்லாக் செய்வது சட்டவிரோதமாகிவிட்டது. சொந்தக் காசில் வாங்கிய போனுக்கு இப்படியா என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெள்ளை மாளிகைக்கு மனுப் போட்டார்கள். கடைசியில் 2014 ஆகஸ்ட் 1 அன்று அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் அந்த உரிமையைத் திரும்பக் கொடுத்தது. அதே காலத்தில் பெரிய கேரியர்களும் தங்கள் தொழில் கூட்டமைப்பான சிடிஐஏவின் விதிமுறையை ஏற்றுக்கொண்டன: தகுதி வந்த போனைக் கட்டணமில்லாமல் அன்லாக் செய்து தர வேண்டும், கேட்டால் இரண்டு வேலை நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

கேரியர் எப்போது அன்லாக் செய்து தரும்?

மாதச் சந்தா வாடிக்கையாளர்களுக்கு ஏடி அண்ட் டியில் போன் குறைந்தது 60 நாள் ஓடியிருக்க வேண்டும், தவணை முழுவதும் தீர்ந்திருக்க வேண்டும். டி-மொபைலில் 40 நாள், அங்கேயும் தவணை முடிந்திருக்க வேண்டும். ப்ரீபெய்ட் என்றால் காத்திருப்பு நீளும்: ஏடி அண்ட் டியில் ஆறு மாதம், டி-மொபைலில் ஒரு வருடம் வரை.

வெரைசன் கதை வேறு. 2008இல் அது ஏலத்தில் எடுத்த 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையோடு, போனை லாக் செய்யக்கூடாது என்ற நிபந்தனையும் வந்தது. 2019இல் திருட்டைக் காரணம் காட்டி 60 நாள் மட்டும் லாக் வைத்துக்கொள்ள அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசியிடம் அனுமதி வாங்கியது. அந்த 60 நாள் முடிந்ததும் தவணை பாக்கி இருந்தாலும் தானாகவே அன்லாக் ஆகிவிடும். 2025இல் அந்தக் கட்டுப்பாட்டிலிருந்தும் விலக்கு கேட்டு, 2026 ஜனவரியில் பெற்றுவிட்டது. ஆகவே பழைய வெரைசன் போன் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் கவலைப்பட வேண்டியதில்லை. அதற்குப் பிறகு வாங்கியவர்கள் தங்கள் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாக் கேரியர்களின் விதிகளும் அவ்வப்போது மாறுகின்றன, விளம்பரம் போடும் அன்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அன்லாக் செய்யக் கேட்பது எப்படி?

கடைக்குப் போக வேண்டாம். போனில் *#06# அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். இரண்டு சிம் வசதியுள்ள போனில் இரண்டு எண் வரும், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏடி அண்ட் டியின் அன்லாக் பக்கத்தில் இந்த எண்ணைப் போட்டால் உங்கள் மின்னஞ்சலுக்கு ஒரு இணைப்பு வரும். அதை 24 மணி நேரத்துக்குள் அழுத்தாவிட்டால் கோரிக்கை ரத்தாகிவிடும். "கேட்டேன், தரவே இல்லை" என்பவர்களில் பாதிப் பேர் ஸ்பாம் பெட்டியைப் பார்க்காதவர்கள் என்பது என் அனுபவம்.

ஐபோனில் அன்லாக் என்பது ஆப்பிளின் சர்வரில் நடக்கிறது. அனுமதி வந்ததும் வேறு சிம்மைப் போட்டால் வேலை செய்யும்; கையில் வேறு சிம் இல்லையென்றால் பேக்கப் எடுத்து, போனை அழித்து, மறுபடி ஏற்றலாம். எப்படியும் விற்கும் முன் அழிக்கத்தானே போகிறீர்கள். சில ஆண்ட்ராய்டு போன்களுக்கு ஒரு எண் அனுப்புவார்கள். அதைப் பார்த்துப் பார்த்து அடியுங்கள். சில முறைக்கு மேல் தவறினால் போன் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும்.

அன்லாக் செய்துவிட்டு விற்பதா, லாக்கோடு அப்படியே விற்பதா?

தகுதி வந்துவிட்டது என்றால் இதில் யோசிக்க ஒன்றுமில்லை. இலவசம், இரண்டு நாள் வேலை, வாங்குபவர் கூட்டம் பல மடங்கு பெருகும். அன்லாக் போனை எந்தக் கேரியர் வாடிக்கையாளரும் வாங்கலாம், ஊருக்கு எடுத்துப்போக நினைப்பவரும் வாங்கலாம். லாக் போனுக்கு அதே கேரியரில் இருப்பவர் மட்டுமே வாடிக்கையாளர்.

தகுதி வரவில்லை, ப்ரீபெய்டில் இன்னும் எட்டு மாதம் இருக்கிறது என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு மாதத்தில் புது மாடல் ஒன்று வந்துவிடும், உங்கள் போனின் விலை இறங்கும். லாக்கினால் குறையும் தொகையைவிட அந்த இறக்கம் அதிகமாக இருந்தால் இன்றே லாக்கோடு விற்பதுதான் புத்திசாலித்தனம். மெட்ரோ, கிரிக்கெட் போன்ற ப்ரீபெய்ட் கடைகளின் மலிவு ஆண்ட்ராய்டு போன்களை வைத்துக்கொண்டு காத்திருப்பதில் அர்த்தமே இல்லை.

தவணை இன்னும் பாக்கி இருக்கிறது. விற்கலாமா?

கட்டி முடித்துவிட்டு விற்கவும். என் பதில் அவ்வளவுதான், காரணம் மட்டும் சொல்கிறேன்.

பாக்கி இருக்கும் போனை விற்றுவிட்டு நீங்கள் மாதாமாதம் ஒழுங்காகக் கட்டினால் எதுவும் நடக்காது. வேலை போய், விசா பிரச்சினை வந்து, ஊருக்குக் கிளம்பி, ஒரு பில் நின்றுபோனால் கேரியர் அந்த ஐஎம்இஐயைத் தடைப் பட்டியலில் போடும். வாங்கியவர் கையில் இருப்பது அன்றிலிருந்து வைஃபையில் மட்டும் ஓடும் ஒரு கண்ணாடிப் பலகை. அவர் உங்களைத் தேடுவார், நியாயம்தான். முறையான தளங்களும் பாக்கியுள்ள போனை ஏற்பதில்லை, ஐஎம்இஐ போட்டதும் தெரிந்துவிடும்.

கையில் பணமில்லை, விற்ற காசில்தான் பாக்கியைக் கட்ட வேண்டும் என்றால் ஒரு வழி உண்டு. வாங்குபவர் நண்பராக இருந்தால், அவர் முன்னாலேயே கேரியர் ஆப்பில் பாக்கியைக் கட்டி, அன்லாக் கோரிக்கையும் போட்டுவிட்டு, அன்லாக் வந்த பிறகு போனைக் கைமாற்றிக்கொள்ளலாம். முகம் தெரியாதவரோடு இது வேண்டாம்.

பில் கிரெடிட் வந்துகொண்டிருக்கிறதே, முன்கூட்டியே கட்டினால் அது போய்விடுமா?

போகலாம். இதில்தான் பலர் கை சுட்டுக்கொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாக.

"ஐபோன் இலவசம்" என்று போஸ்டர் ஒட்டியிருக்கும். உண்மையில் நடப்பது: 800 டாலர் போனை உங்கள் பெயரில் 24 அல்லது 36 மாதத் தவணையாக எழுதுவார்கள். மாதாமாதம் அந்தத் தவணைக்குச் சமமான தொகையைப் பில்லில் கழித்துக்கொண்டே வருவார்கள். 36 மாதத் திட்டத்தில் 12 மாதம் ஆகியிருந்தால், அந்த 800இல் சுமார் 533 டாலர் இன்னும் உங்கள் கடன். இந்த நிலையில் அவசரப்பட்டு அந்த 533ஐக் கட்டினால், சில திட்டங்களில் மீதி 24 மாதக் கிரெடிட் அன்றோடு நின்றுபோகும். இலவசப் போனுக்கு 533 டாலர் கொடுத்ததாக ஆகிவிடும். சில திட்டங்களில் கட்டினாலும் கிரெடிட் தொடரும். எது உங்களுடையது என்பது நீங்கள் சேர்ந்த அந்தச் சலுகையின் விதியைப் பொறுத்தது.

போனில் கூப்பிட்டுக் கேட்காமல் சாட்டில் கேளுங்கள். "முழுத் தவணையையும் இன்று கட்டினால் மீதிக் கிரெடிட் தொடருமா?" என்று ஒரே கேள்வி. பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தொடராது என்றால், போனை விற்றுக் கிடைப்பதையும் இழக்கப்போகும் கிரெடிட்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். பெரும்பாலும் வைத்துக்கொள்வதுதான் லாபமாக வரும்.

இருபது டாலருக்கு அன்லாக் செய்து தருகிறேன் என்று இணையத்தில் விளம்பரம் வருகிறதே?

விட்டுவிடுங்கள். நல்லது நடந்தால் கேரியர் இலவசமாகத் தருவதையே உங்களிடம் காசு வாங்கிக்கொண்டு கேட்டுத் தருவார்கள். இல்லையென்றால் காசும் ஐஎம்இஐயும் போனது போனதுதான்.

ஐபோன் வந்த 2007இல் ஆகஸ்ட் மாதமே 17 வயதுப் பையன் ஜார்ஜ் ஹாட்ஸ் சாலிடரிங் இரும்பும் கையுமாக அதை அன்லாக் செய்து, அந்த போனைக் கொடுத்து ஒரு நிசான் காரும் மூன்று புது ஐபோன்களும் வாங்கினார். அந்தக் காலம் போய்விட்டது. பிற்பாடு பெரிய அளவில் நடந்ததெல்லாம் லஞ்சமும் மால்வேரும்தான்: ஏடி அண்ட் டி கால் சென்டர் ஊழியர்களுக்குப் பணம் கொடுத்து சுமார் 19 லட்சம் போன்களை அன்லாக் செய்த ஒருவருக்கு 2021இல் சியாட்டில் நீதிமன்றம் 12 ஆண்டுச் சிறை விதித்தது. கம்பெனிக்கு நஷ்டம் 20 கோடி டாலருக்கு மேல்.

இன்னொன்று ஆர்-சிம் என்கிற சில்லு. நகத்தளவு மெல்லிய தகடு. சிம்மின் மேல் ஒட்டி, இரண்டையும் சேர்த்துத் தட்டில் நுழைக்க வேண்டும். தட்டு கொஞ்சம் இறுக்கமாகப் போகும், விரலுக்கே தெரியும். போனை ஏமாற்றி வேறு சிம்மை ஏற்க வைக்கும், அடுத்த மென்பொருள் அப்டேட்டில் படுத்துவிடும். இதைப் போட்டு "அன்லாக்" என்று விற்பது மோசடி. வாங்கும்போதும் தட்டை வெளியே இழுத்துப் பாருங்கள்.

எங்கே விற்றால் நல்ல விலை கிடைக்கும்?

அலைச்சல் கூடக் கூட விலை கூடும், அதுதான் பொது விதி. நேரில் விற்றால் அதிகம், எந்திரத்தில் போட்டால் குறைவு.

ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலும் அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவிலும் கமிஷன் இல்லை. தமிழ்ச் சங்கக் குழுவில் போட்டால் பேரம் பேச ஆள் நிறைய வருவார்கள், காசோடு வருபவர் குறைவு. பழைய போன் விற்கும் தளமான ஸ்வாப்பாவில் கேரியர் வாரியாகப் பட்டியல் இருப்பதால் லாக் போனுக்குப் பொருத்தமான இடம் அது. ஏடி அண்ட் டி போன் தேடுபவர் நேராக அங்கேதான் வருவார். உடைந்ததையும் தடைப் பட்டியலில் உள்ளதையும் அங்கே ஏற்பதில்லை. ஈபேயில் கூட்டம் அதிகம், ஆனால் சுமார் 13 சதவீதம் கமிஷன் போகும். பொருள் விவரித்தபடி இல்லை என்று வாங்கியவர் சொன்னால் பெரும்பாலும் அவர் பக்கம்தான் தீர்ப்பு.

மால்களில் நிற்கும், பழைய போன் வாங்கும் ஈகோஏடிஎம் எந்திரம் அடையாள அட்டையும் கட்டைவிரல் ரேகையும் கேட்டுவிட்டுக் கையில் பணம் தரும். விலை பார்த்தால் மனசு வராது. விரிசல் விட்ட பழைய போனுக்கு வேண்டுமானால் சரி.

கேரியரிடமே கொடுத்துப் புதுப் போன் வாங்குவது தனிக் கணக்கு. சலுகைக் காலத்தில் வெளிச் சந்தையைவிட அதிகம் தருவார்கள், ஆனால் ரொக்கமாக அல்ல, மறுபடி 24 அல்லது 36 மாதக் கிரெடிட்டாக. அங்கேயே இருக்கப்போகிறீர்கள் என்றால் லாபம்.

என்ன விலை வைப்பது?

கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்ற விலையைப் பாருங்கள். ஈபேயில் உங்கள் மாடலையும் சேமிப்பு அளவையும் போட்டுத் தேடி, "சோல்ட் ஐட்டம்ஸ்" என்று வடிகட்டினால் உண்மையான விலை தெரியும். அன்லாக் போன் ஒருமுறை, உங்கள் கேரியரின் லாக் போன் ஒருமுறை என்று இரண்டு தடவை தேடுங்கள். அந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் உங்கள் லாக்கின் விலை. பேட்டரி ஆரோக்கியம் 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இன்னும் குறையும். செப்டம்பரில் ஆப்பிள் புது மாடல் அறிவிப்பதற்கு முன்பே விற்றுவிடுவது நல்லது.

விளம்பரத்தில் என்ன எழுத வேண்டும்?

தலைப்பிலேயே கேரியர் பெயரைப் போடுங்கள். "ஐபோன் 13, 128 ஜிபி, டி-மொபைல் லாக், தவணை முடிந்தது, அன்லாக் தகுதி இன்ன தேதியில் வரும்" என்று எழுதினால் தேவையில்லாத ஐம்பது கேள்விகள் வராது. பேட்டரி சதவீதம், கீறல் இருக்குமிடம், திரை மாற்றியதா என்பதையும் எழுதுங்கள். கேரியர் லாக் வரி தெரியும்படி அபௌட் பக்கத்தின் படம் ஒன்று வையுங்கள், ஐஎம்இஐயை மறைத்துவிட்டு. பொது வெளியில் கிடக்கும் ஐஎம்இஐயைத் தங்கள் மோசடி விளம்பரத்துக்குத் திருடிக்கொள்பவர்கள் உண்டு. உண்மையிலேயே வாங்க வருபவர் கேட்டால் தனியாகக் கொடுங்கள். அவர் சோதிக்கத்தான் கேட்கிறார். சிடிஐஏ நடத்தும் ஸ்டோலன் போன் செக்கர் தளத்தில் தொலைந்தது, திருடுபோனது என்று பதிவாகியிருக்கிறதா என இலவசமாகப் பார்க்கலாம். நீங்களே முதலில் பார்த்துவிடுங்கள்.

தொலைந்ததாக இன்ஷூரன்ஸ் வாங்கிய போன் பிறகு கிடைத்துவிட்டது. விற்கலாமா?

கூடாது. அது இப்போது இன்ஷூரன்ஸ் கம்பெனியின் சொத்து, ஐஎம்இஐயும் தடையில் இருக்கும். அவர்களைக் கூப்பிட்டுத் திருப்பி அனுப்புங்கள்.

கொடுப்பதற்கு முன் போனில் என்னென்ன அழிக்க வேண்டும்?

அழிப்பதற்கு முன்னால் எடுக்க வேண்டியதை எடுங்கள். நம்மவர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. லாக் உள்ள போனில் ஊர் சிம் ஓடாது, ஆனால் ஊர் எண்ணில் திறந்த வாட்ஸ்அப் பல வருடமாக அதில் ஓடிக்கொண்டிருக்கும். புதுப் போனில் அதைத் திறக்கும்போது ஓடிபி அந்த ஊர் எண்ணுக்குத்தான் போகும். சிம் திருச்சியில் அப்பா போனில் இருக்கிறது, அங்கே இரவு இரண்டு மணி. ஆகவே பழைய போன் கையில் இருக்கும்போதே, அவர் விழித்திருக்கும் நேரத்தில் மாற்றிவிடுங்கள். அலுவலக நுழைவுக்கான டியோ, மைக்ரோசாஃப்ட் ஆதென்டிகேட்டர், கூகுள் ஆதென்டிகேட்டர், இந்திய வங்கி ஆப் எல்லாம் புதுப் போனில் திறக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு ஒரு வாரம் பழையதை வைத்திருந்து பிறகு அழித்தால் நிம்மதி.

அப்புறம் வரிசை முக்கியம். ஐபோனில் ஆப்பிள் வாட்ச் இணைந்திருந்தால் பிரியுங்கள். ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். அப்போது தொலைந்த போனைத் தேடும் ஃபைண்ட் மை அணைய உங்கள் பாஸ்வேர்ட் கேட்கும். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளை. இ-சிம்மையும் சேர்த்து அழிக்கவா என்று கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள், எண்ணைப் புதுப் போனுக்கு மாற்றிய பிறகு. ஆண்ட்ராய்டில் முதலில் கூகுள் கணக்கையும், சாம்சங் என்றால் சாம்சங் கணக்கையும் நீக்கிவிட்டு ரீசெட். கணக்கை நீக்காமல் ரிகவரி மெனு வழியாக நேராக ரீசெட் செய்தால் திருட்டுத் தடுப்புப் பூட்டு விழுந்து, வாங்கியவர் திரையில் உங்கள் ஜிமெயிலைக் கேட்டு நிற்கும். சிம் தட்டையும் மெமரி கார்டையும் ஒருமுறை பாருங்கள்.

அலுவலகம் கொடுத்த போன்?

உங்களுடையது அல்ல. வேலையை விட்டபோது "வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருந்தாலும், கம்பெனியின் நிர்வாகப் பட்டியலிலிருந்து ஐடி பிரிவு அதை விடுவித்திருக்க வேண்டும். இல்லையென்றால் எத்தனை தடவை அழித்தாலும் முதல் திரையிலேயே கம்பெனிப் பெயர் வந்து நிற்கும். எழுத்தில் ஒரு மின்னஞ்சல் வாங்கிக்கொண்டு விற்கவும்.

நேரில் கைமாற்றும்போது எப்படி நடந்துகொள்வது?

வீட்டுக்கு வரச் சொல்லாதீர்கள். பல ஊர்களில் காவல் நிலைய வாகன நிறுத்தத்திலேயே இணைய விற்பனைக்கென்று கேமராவோடு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கே பகலில் சந்திப்பது எல்லோருக்கும் நல்லது. அங்கே வரத் தயங்குபவர் வராமல் இருப்பதே மேல்.

போனை முழு சார்ஜில், அழித்த நிலையில் கொண்டு போங்கள். வாங்குபவர் தன் சிம்மைப் போட்டு, உங்கள் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, ஆரம்பத் திரைகளைக் கடந்து, ஒரு கால் பேசிப் பார்க்கட்டும். பத்து நிமிடம் ஆகும், பொறுமையாக இருங்கள். போனில் நெட்வொர்க் வந்ததை அவர் கண்ணால் பார்த்த பிறகு "வேலை செய்யவில்லை" என்று இரவில் மெசேஜ் வர வழியில்லை. ஒரு தாளில் மாடல், ஐஎம்இஐ, விலை, தேதி, "டி-மொபைல் லாக் உள்ளது என்று தெரிந்து வாங்குகிறேன்" என்ற ஒரு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பணம் எப்படி வாங்குவது?

நேரில் என்றால் ரொக்கம், அல்லது உங்கள் வங்கி ஆப்பைத் திறந்து பணம் ஏறியதைப் பார்த்த பிறகு ஸெல் (வங்கிக் கணக்குக்கு நேராகப் பணம் அனுப்பும் சேவை). மின்னஞ்சலை நம்பாதீர்கள். "ஸெல்லில் அனுப்பிவிட்டேன், நீங்கள் பிசினஸ் கணக்குக்கு மாற 300 டாலர் கூடுதலாகப் போட்டிருக்கிறேன், அதைத் திருப்பி அனுப்புங்கள்" என்று வரும் மின்னஞ்சல் பழைய மோசடி. கேட்ட விலையைவிட அதிகம் தருகிறேன், உறவினருக்குப் பரிசு, வெளிநாட்டுக்கு அனுப்புங்கள் என்பவரும் அதே ஜாதி. உங்கள் போனுக்கு வந்த ஆறு இலக்க எண்ணைச் சொல்லுங்கள், நீங்கள் நிஜ ஆளா என்று பார்க்கிறேன் என்று கேட்டால் உடனே பிளாக் செய்யுங்கள். உங்கள் எண்ணில் கூகுள் வாய்ஸ் (இணையவழி போன் எண் தரும் சேவை) கணக்கு திறக்கப் பார்க்கிறார்.

தபாலில் அனுப்பலாமா?

அனுப்பலாம், விமானத்தில் அல்ல. லித்தியம் பேட்டரி உள்ள பயன்படுத்திய சாதனங்களைத் தரைவழியாக மட்டுமே அனுப்ப வேண்டும், அதற்கான எச்சரிக்கைக் குறிப்பும் ஒட்ட வேண்டும் என்று அமெரிக்கத் தபால் துறை 2022 முதல் விதி வைத்திருக்கிறது. கவுன்டரில் சொல்லிக் கேளுங்கள். பேட்டரி உப்பிய போனை அனுப்பவே கூடாது. பெட்டியில் போடும் முன் ஐஎம்இஐ திரையோடு போனையும், பெட்டியை மூடுவதையும் ஒரே வீடியோவாக எடுங்கள். டிராக்கிங், காப்பீடு, விலை அதிகம் என்றால் பெறுபவர் கையெழுத்து.

லாக் உள்ள போனை ஊருக்கு எடுத்துப்போய் விற்கலாமா?

லாக்கோடு எடுத்துப்போவதில் பயனில்லை. இந்தியாவில் எந்த சிம்மும் அதில் ஓடாது. நம் ஊரில் கேரியரோடு கட்டிய போன் என்றால் 2003இல் 501 ரூபாய்க்கு வந்த ரிலையன்ஸ் போனும் பிறகு ஜியோபோனும்தான் பலருக்கு நினைவிருக்கும். கடையில் வாங்கும் போன் எந்த சிம்முக்கும் ஓடும் என்றே எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். ரிச்சி தெருவிலோ பர்மா பஜாரிலோ நீட்டினால் கடைக்காரர் முதலில் கேட்பதே "அமெரிக்கா லாக்கா?" என்றுதான். அன்லாக் ஆனாலும் ஐபோன் 14 முதலான அமெரிக்க மாடல்களில் சிம் தட்டு இல்லாததால் அங்கே விலை குறைத்துத்தான் கேட்பார்கள். தம்பிக்குக் கொடுக்கத்தான் போகிறீர்கள் என்றால், கிளம்பும் முன் இங்கேயே அன்லாக் செய்து, அபௌட் பக்கத்தில் உறுதிசெய்துவிட்டுப் பெட்டியில் வையுங்கள். ஊரில் இறங்கிய பிறகு அமெரிக்க வாடிக்கையாளர் சேவையோடு இரவு முழுக்க மல்லுக்கு நிற்பது வேண்டாத வேலை.

அன்லாக் ஆன போன் எல்லாக் கேரியரிலும் ஓடுமா?

எல்லாவற்றிலும் அல்ல. 2022இல் மூன்று கேரியர்களும் பழைய 3ஜி வலையை அணைத்துவிட்டன. 4ஜி வழியே குரல் பேசும் வசதி இல்லாத போன் அன்லாக் ஆனாலும் பேச உதவாது. ஏடி அண்ட் டி தனக்கென்று ஒரு ஏற்புப் பட்டியல் வைத்திருக்கிறது. வாங்குபவரை அவருடைய கேரியரின் தளத்தில் ஐஎம்இஐ போட்டுப் பார்க்கச் சொல்லிவிடுங்கள், அந்த உத்தரவாதத்தை நீங்கள் கொடுக்க வேண்டாம்.

விற்ற பணத்துக்கு வரி உண்டா?

சொந்த உபயோகப் போனை வாங்கிய விலையைவிடக் குறைவாக விற்றால் லாபமில்லை, வரியும் இல்லை. வாங்கிய ரசீது இருந்தால் நல்லது.

விற்று மூன்று மாதம் கழித்து, அன்லாக் செய்து தரச் சொல்லி வாங்கியவர் அழைக்கிறார். செய்ய வேண்டுமா?

லாக் என்று சொல்லித்தான் விற்றீர்கள் என்றால் கடமை இல்லை, ஆனாலும் ஐந்து நிமிட வேலைதான், செய்து கொடுங்கள். ஏடி அண்ட் டி பக்கத்தில் தன் வாடிக்கையாளர் அல்லாதவரும் ஐஎம்இஐ போட்டுக் கேட்கலாம் என்பதால் அவரே செய்துகொள்ள முடியும். மற்ற இடங்களில் பழைய கணக்குக்காரர் கேட்டால் வேலை சுலபமாக முடியும். இதற்காகவே தவணை முடிந்த கடைசி பில்லையும் ஐஎம்இஐ எண்ணையும் ஒரு வருடமாவது வைத்திருங்கள். உங்கள் கணக்கின் பாஸ்வேர்டையோ பின் எண்ணையோ மட்டும் அவரிடம் கொடுக்காதீர்கள். நீங்களே உள்ளே போய்க் கோரிக்கை போட்டுவிட்டுப் பதில் வந்ததும் அவருக்கு அனுப்புங்கள். கேரியர் பில்லில் பழைய போனுக்கான மாதாந்திர இன்ஷூரன்ஸ் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், உள்ளே போன கையோடு அதையும் நிறுத்திவிடலாம்.